தூங்க வைத்துவிட்டுப் போவது

தம்பியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு அம்மா பேன் பார்த்த அந்த மதியத்தில் வெயிலே இல்லை. கல்வராயன் மலையில் ஐப்பசி மாதம் அப்படித்தான். மேகம் பள்ளிக்கூடத்து ஓட்டுக்கு மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். நாங்கள் தங்கிப் படித்த விடுதியின் வாசலில் ஒரு பலாமரம் உண்டு. அதன் வேர்மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து தூக்குவாளியில் சாமைச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் உருட்டிக் கொடுத்து முடித்திருந்தாள். தம்பி அப்போது ஒன்றாம் வகுப்பு, அக்காவான நான் நான்காம் வகுப்பு. அவன் வாய் ஓயாத பயல். ஏதோ ஓணானைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவன், அம்மாவின் விரல்கள் மயிரைப் பிரித்துப் பிரித்துப் போக, பாதிக் கதையிலேயே தூங்கிப்போனான். அம்மா அவன் தலையை மெதுவாகத் தூக்கி என் மடிக்கு மாற்றினாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக்கல் சத்தம் போடாதபடி நடந்து போனாள். கீழே ரோட்டில், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரியின் வேன் நின்றிருந்தது. அப்பா முன்பே அதில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எல்லாம் தெரியும். சோறு உருட்டுவதற்கு முன்னால் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். குடகில் காப்பித் தோட்டத்தில் வேலை, மாசி பிறந்ததும் வந்துவிடுவோம், தம்பியைப் பார்த்துக்கொள், அவனிடம் மட்டும் சொல்லாதே. நான் அழுதேன். அவள் என் முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தச் சொல்லி, கொஞ்ச நேரம் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் தம்பியிடம் அழைத்துப் போனாள். அந்த அழுகை எனக்குக் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே விடுதிச் சோற்றைத் தின்று, ஒரே வாத்தியாரிடம் படித்த எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் மொத்தமும் அவ்வளவுதான் என்று இன்றைக்கு நான் அடித்துச் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் இதைத் 'தூங்க வைத்துவிட்டுப் போவது' என்பார்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வயிறு நிறையச் சோறு கொடுத்து, தட்டித் தூங்க வைத்து, அது கண் விழிப்பதற்குள் வண்டி ஏறிவிட வேண்டும். பிள்ளை அழுகிற சத்தம் காதில் விழுந்தால் போகிற இடத்தில் கை ஓடாது, வேலை விளங்காது என்று சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுதால் எந்தத் தாயும் வேன் ஏற மாட்டாள். ஏறாவிட்டால் அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரியாது. கல் நெஞ்சுக்காரர்கள் யாரும் இப்படிச் செய்வதில்லை. பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறவர்கள்தான் செய்கிறார்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஜாஸ்தியாக வருகிறது. யாரைத் திட்டுவது சொல்லுங்கள்?

தம்பி கண் விழித்தபோது மேகம் தரைக்கே இறங்கியிருந்தது. அம்மா எங்கே என்றான். தண்ணீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்றேன். எனக்கு ஒன்பது வயது, பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். இதில் என் தப்பு என்று யாராவது ஆரம்பித்தால் நான் சண்டைக்கு வருவேன். அவன் கிணற்றடிக்கு ஓடினான். சமையல்கட்டுக்கு ஓடினான். பலாமரத்தைச் சுற்றி வந்தான். அம்மா உட்கார்ந்திருந்த வேரைத் தொட்டுப் பார்த்தான். சமையல்காரர், நாளைக்கு வந்துடும்டா என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். பிறகு ஒருநாள் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். பிள்ளை பழகிட்டான் என்று எல்லோரும் நிம்மதியானார்கள்.

எங்கே பழகினான்? அவன் தூங்குவதை விட்டுவிட்டான். பையன்கள் படுக்கும் கூடத்தில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்துகொள்வான். கண் சொருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வான். தொடையெல்லாம் நீலம் நீலமாகத் தடிப்பு இருக்கும். விடியற்காலையில் தன்னை மறந்து சரிந்து கிடப்பான், பாயை நனைத்துவிடுவான், பையன்கள் சிரிப்பார்கள். சிரித்தவனைக் கடித்து வைப்பான். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டால் வகுப்பு நடுவிலேயே எழுந்து வாசல் கேட்டுக்கு ஓடுவான். ஓணான் கதை சொன்ன வாய் மூடிக்கொண்டது. காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, இடுப்பில் ஒரு தாயத்து ஏறியது.

வகுப்பில் மட்டும் தூங்கினான். எங்கள் வகுப்புகளுக்கு நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அதற்கு மேலாக எட்டிப் பார்த்து நான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொள்வான். பெஞ்சில் தலையைச் சாய்த்தால் அடுத்த நொடி தூக்கம். அக்கா முழித்திருக்கிறாள், இவ்வளவு பேர் முழித்திருக்கிறார்கள், இங்கே யாரும் காணாமல் போக முடியாது என்று அந்தச் சின்ன மண்டை கணக்குப் போட்டிருக்கும். அது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு வாத்தியார் அவன் தலையில் குட்டுவதுதான் தெரிந்தது. மூஞ்சியில் தண்ணீர் அடிப்பார். நிற்க வைப்பார். நின்றபடியே தூங்குவான். தூங்குமூஞ்சி என்பதே அவனுக்குப் பெயராகிவிட்டது. வாத்தியாரையும் முழுசாகத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரர், பெண்டாட்டி பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு, மூன்று வகுப்பைத் தனியாளாக மேய்த்துக்கொண்டிருந்தவர். தன் டிபன் பாக்ஸிலிருந்து தம்பிக்கு இட்லி எடுத்துக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். குட்டிய அதே கைதான். அவருக்கு வேறு வழி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

'அ' என்று சொல்லி எழுதிக் காட்டினால் தம்பி அழகாக எழுதுவான். சாயங்காலம் கேட்டால் தெரியும். மறுநாள் காலையில் சிலேட்டைக் கையில் கொடுத்தால் முழித்துக்கொண்டு நிற்பான். தண்ணீரில் எழுதியது மாதிரி எதுவும் அவனிடம் தங்கவில்லை. மாசியில் அம்மா திரும்பி வந்து எங்களை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அந்த நாட்களில் அவன் அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அடித்துப்போட்டது போல் தூங்கினான். அப்போது நான் சாணி மெழுகிய தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டிய எழுத்தையெல்லாம் சரசரவென்று பிடித்துக்கொண்டான். தன் பெயரை எழுதினான். அம்மாவின் பெயரை எழுதினான். அம்மா அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். அவனுக்கு மூளை இல்லை என்று பிற்பாடு சொன்னவர்களில் ஒருவராவது அந்தத் தரையைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த ஐப்பசியிலும் அம்மா தூக்குவாளியோடு வந்தாள். தம்பிக்குத் தெரிந்துவிட்டது. சோறு வேண்டாம் என்றான். மடியில் படுக்க மாட்டேன் என்றான். தூரமாக நின்றுகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கெஞ்சிக் கொஞ்சி இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவன் தொடையைக் கிள்ளிக்கொண்டே கிடந்தான். ஆறேழு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் போராடும்? விடுதிக்குத் திரும்பியதிலிருந்து சரியாகத் தூங்காத பிள்ளை, வயிற்றில் சூடாகச் சோறு, தலையில் அம்மாவின் விரல். கண் மூடிக்கொண்டது. அம்மா அவன் கையைத் தன் புடவையிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். அந்த முறை அவளும் அழுதுகொண்டுதான் போனாள்.

மாசியில் அப்பா மட்டும் வந்தார். தோட்டத்தில் காய்ச்சல் கண்டு, மருந்துக் கடை மாத்திரையில் தள்ளிப்போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மலைக்கு எடுத்துவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அப்பா என்னைத்தான் தனியாக அழைத்துச் சொன்னார். தம்பியிடம் யாரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகிறவர்கள் நடுவில் நின்று அவனாகத் தெரிந்துகொண்டான். அவன் அழவில்லை. பாறாங்கல் மாதிரிப் பயல், அம்மா செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா பார் என்று ஒரு சொந்தக்காரப் பெண்மணி என் காதுபடச் சொன்னாள். அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கல்யாணம் காட்சியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதற்கப்புறம் எங்கள் பாதை பிரிந்துவிட்டது. நான் படித்தேன். கீழே சின்னசேலத்தில் விடுதியில் தங்கி, ஆசிரியர் பயிற்சி முடித்து, நைனார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, கள்ளக்குறிச்சியில் வீடு பிடித்து, கல்யாணமும் ஆயிற்று. அக்கா புத்திசாலி, தம்பி மக்கு என்று ஊரே தீர்ப்பு எழுதியது. அவன் ஐந்தாவதோடு நின்று, அப்பாவோடு அதே காப்பித் தோட்டத்துக்குப் போனான். அவனுக்கும் கல்யாணம் நடந்தது, ஒரு பெண் பிறந்தாள். குணத்தில் தங்கம். ஆனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவான். இன்னா ஆளுங்க இவரு, காவக்காரர் மாதிரி உக்காந்துக்கினு தூங்கறாரு என்று அவன் மனைவி புதிதில் என்னிடம் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி என்றால் எங்களுக்கு டீயும் சமோசாவும், பின்வரிசையில் செல்போனும். அன்றைக்குப் பேச வந்தவர் குழந்தைகள் மனநலம் பார்க்கிற டாக்டர், என்னைவிட வயதில் சின்னப் பெண். அவர் அதட்டாமல், எளிய தமிழில் பேசினார். பகலில் படித்ததை மூளை தூக்கத்தில்தான் எடுத்து அடுக்கி வைக்கிறது என்றார். தூங்காத பிள்ளைக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் மறுநாள் இருக்காது என்றார். பயத்தில் இருக்கிற பிள்ளையின் மூளை வாசலில் காவல் நின்றுகொண்டிருக்கும், அதற்குப் பாடம் கேட்க ஆள் மிச்சமில்லை என்றார். கடிப்பதும் அடிப்பதும் திமிர் இல்லை, சொல்லத் தெரியாத பயம் என்றார். நேரத்துக்குத் தூங்குவது, சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, அழுகை வந்தால் அழுவது, இப்படித் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்குப் பழக்குவதும் பாடம்தான், 'அ'னா ஆவன்னாவுக்கு முன்னால் சொல்லித் தர வேண்டிய பாடம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவ நனைந்துகொண்டே இருந்தது. அட பாவிகளா, இவ்வளவுதானா! ஒரு பிள்ளையின் வாழ்க்கையே கைவிட்டுப் போனது, அதன் காரணத்தை ஒரு சின்னப் பெண் டீ நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டாள்.

அந்த வாரமே கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை பஸ் பிடித்து மேலே போனேன். தம்பி வாசலில் மரவள்ளிக் கிழங்கை மண் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தான். நான் கேட்டதையெல்லாம் மூச்சு விடாமல் அவனிடம் கொட்டினேன். நீ மக்கு இல்லடா, உனக்குத் தூக்கம் இல்ல, பயம், அதான் எழுத்து நிக்கல என்றேன். அவன் கிழங்கைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"இப்ப தெரிஞ்சி இன்னாக்கா ஆவப்போவுது?"

அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு அவனே பேசினான், என்னைப் பார்க்காமல். "அன்னிக்கு தூங்கக்கூடாதுன்னுதான்க்கா இருந்தேன். எப்படியோ கண்ணு சொருகிக்கிச்சி. நான் முழிச்சிக்கினு இருந்திருந்தா அம்மா போயிருக்காது. போவலன்னா செத்திருக்காது."

மீசை நரைக்கத் தொடங்கிய ஆள் இதைச் சொன்னான். இத்தனை வருடமும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். அம்மாவைக் கொன்றது தன் தூக்கம் என்று. உன்னால இல்லடா, அது காய்ச்சல்டா என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். சரிக்கா, சரிக்கா என்றான். அந்தச் 'சரி'யை நான் நம்பவில்லை. பெரியவர்களிடம் வாக்குவாதம் வேண்டாம் என்று சொல்கிற சரி அது.

அவனுக்குச் செய்ய முடியாததை என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்கிறேன். காலையில் வருகைப் பதிவுக்கு முன்னால் ராத்திரி தூங்கினாயா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்பேன். தூங்காத பிள்ளைக்கு என் மேசையோரம் ஒரு பாய் இருக்கிறது. டீச்சர் பள்ளிக்கூடம் நடத்துறாங்களா, பாயும் தலகாணியும் விக்கிறாங்களா என்று தலைமையாசிரியர் கிண்டல் செய்வார். செய்யட்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன்.

போன ஐப்பசியில் தம்பியும் அவன் மனைவியும் குடகுக்குக் கிளம்பினார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கிற பாப்பாவை என் வீட்டில் விட்டு, என் பள்ளியிலேயே சேர்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். காலையில் மூன்று பேரும் வந்தார்கள். மதியம் சாப்பாடு முடிந்ததும் நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்க்கிறேன், பாப்பா பாயில் தூங்குகிறாள், அவள் அம்மா முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான். தூங்கிடுச்சு, நாங்க கெளம்பறோம்க்கா என்று கிசுகிசுத்தான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. உனக்குச் செஞ்சது போதாதா, உம் பொண்ணுக்குமா என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"அழுவும்க்கா. அது அழுவறத பாத்துட்டு என்னால பஸ் ஏற முடியாது."

"அழட்டும்டா. அழுதா தூங்கும். சொல்லாம போனா தூங்காது."

அவன் மனைவி தட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி வாசலுக்குப் போனான். போய்விட்டான் என்றே நினைத்தேன். திரும்பி வந்து பையைக் கீழே வைத்தான். பாயின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் கை பாப்பாவின் தோளுக்குப் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கடைசியில் தொட்டு எழுப்பினான். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்காரும்வரை காத்திருந்தான்.

"பாப்பா, அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போறோம். ரொம்ப தூரம். மாசியில வருவோம். நீ அத்தகூட இரு." அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டான். "இத நல்லா கேட்டுக்கோ. நீ தூங்கினதால நாங்க போவல. நீ முழிச்சிக்கினு இருந்தாலும் போவத்தான் போறோம். உம் மேல தப்பே இல்ல."

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. பாப்பா அவனைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், வீடு இடிந்து விழும்படி அலறினாள். அவன் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. நாங்கள் எல்லோரும் பஸ் நிலையம்வரை நடந்தே போனோம். அவள் வழியெல்லாம் அழுதாள், அவன் வழியெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தான். சேலம் பஸ்ஸில் அவர்கள் ஏறுவதை அவள் கண்ணால் பார்த்தாள். பஸ் திரும்புகிறவரை அவன் கை ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்தும் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு டம்ளர் பால் குடித்தாள். மாசி எப்போது வரும் என்று கேட்டாள், சொன்னேன். என் மடியிலேயே கால் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

சற்று நேரத்தில் தம்பியிடமிருந்து போன் வந்தது. பஸ் இரைச்சல் கேட்டது.

"பாப்பா இன்னாக்கா பண்ணுது?"

"தூங்குது."

"நல்லாவா?"

"நல்லாத் தூங்குதுடா. குறட்டை விடுது."

நான் பாப்பாவின் காலுக்குப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"என்னை யாரும் எழுப்பலியேக்கா" என்றான்.

அப்புறம் அழுதான். அம்மா செத்தபோது அழாதவன், வாத்தியார் குட்டியபோது அழாதவன், முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸில் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். பக்கத்தில் அவன் மனைவி ஏதோ சொல்வது கேட்டது. அழவிடும்மா என்று சொல்ல நினைத்தேன். பாப்பா புரண்டு படுத்தாள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.